லீவை பூன்: காலராவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், பீருக்காக ஊரையே பகைச்சுக்கிட்ட சிகாகோ மேயர்

பழையபேப்பர்:
சிகாகோ வரலாறு பேசுறவங்க எல்லாரும் 1871 பெரிய தீ, அப்புறம் நேரா அல் கபோன்னு தாவிடுறாங்க. நடுவுல, இல்ல அதுக்கும் முன்னாடி, ஒரு டாக்டர் மேயரா இருந்தாரு. லீவை டே பூன். 1808ல கென்டக்கியில லெக்சிங்டன் பக்கம் பொறந்தவரு, டிரான்சில்வேனியா யுனிவர்சிட்டியில மெடிசின் முடிச்சு 1829ல டாக்டர் ஆகி, இல்லினாய்ஸ் எல்லைப்புறத்துக்கு வந்து ஹில்ஸ்பரோன்னு ஒரு சின்ன ஊர்ல பிராக்டிஸ் பண்ணி, 1830கள் நடுவுல சிகாகோ வந்து சேர்ந்தாரு. அப்ப சிகாகோன்னா சேறு, மரவீடு, ஏரிக்காத்து, அவ்வளவுதான், நகராட்சி அந்தஸ்தே 1837லதான் கிடைச்சுது. 1849ல காலரா வந்தப்ப நகர மருத்துவர் இவர்தான். 1855ல மேயர். பதவிக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல, நகரத்தோட முதல் பெரிய கலவரம், காரணம் பீர். அதோட பேரே லாகர் பீர் கலவரம்.

எல்லா இடத்துலயும் இதை ஒரு ஜோக்கா எழுதுறாங்க. எனக்கு அப்படித் தெரியல. காலராவை நேர்ல பார்த்த ஒரு டாக்டர் எப்படி வெளிநாட்டுலேந்து வந்தவனுக்கு எதிரான கட்சியோட மேயர் ஆனாருங்கறதுதான் இதுல விஷயமே. பேசலாம் வாங்க.

வெட்டிப்பேச்சு:
பூன்னா அந்த டேனியல் பூனா? கரடி அடிச்ச ஆளு?

பழையபேப்பர்:
அதே டேனியல் பூன்தான், கென்டக்கி எல்லைப்புறத்துல பேர் போன வேட்டைக்காரர். இவரு அவரோட கூடப்பொறந்தவரோட பேரன். டேனியல் இவருக்கு தாத்தா முறை. அந்தக் காலத்துல எல்லைப்புறத்துல அந்தப் பேரே பாதி ஓட்டு வாங்கித் தரும். அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, பேரைத் தவிர பெருசா சொத்து எதுவும் கிடையாது. 1832ல பிளாக் ஹாக்ங்கற பூர்வகுடித் தலைவரோட நடந்த போர்ல குதிரைப்படையிலயும் இருந்தாரு, அப்புறம் படை மருத்துவராவும் இருந்தாரு. லிங்கனும் அதே போர்ல கேப்டன், பின்னாடி அமெரிக்க நாடாளுமன்றத்துல பேசுறப்ப நான் கொசுவோடதான் சண்டை போட்டேன்னு அவரே கிண்டல் பண்ணிக்கிட்டாரு. 1833ல பூன் கல்யாணம் பண்ணது இல்லினாய்ஸ் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் தியோஃபிலஸ் ஸ்மித்தோட பொண்ணை. பதினோரு பசங்க. ஆக பேரும் இருக்கு, மாமனார் செல்வாக்கும் இருக்கு, கையில தொழிலும் இருக்கு, அரசியலுக்கு வர வேற என்ன வேணும்.

ஸ்டெத்தாஸ்கோப்:
நான் டாக்டர்ங்கறதால ஒண்ணு சொல்லிடறேன். 1829ல டாக்டர் பட்டம்னா இப்ப நாம நினைக்கிற மாதிரி இல்ல. மயக்க மருந்து கிடையாது, ஈதர் வச்சு பொதுவுல ஆபரேஷன் பண்ணிக் காட்டுனதே 1846ல. கிருமின்னா என்னன்னு தெரியாது. கெட்ட காத்துதான் நோயைக் கொண்டு வருதுன்னு நம்புனாங்க, அழுகல் நாத்தம் வந்தா நோய் வரும்னு. காலராவுக்கு மெயின் மருந்து கேலமெல், அதாவது பாதரச உப்பு. அதோட அபின், கற்பூரம், நரம்பைக் கீறி ரத்தம் எடுக்கறது. வாந்தியிலயும் பேதியிலயும் உடம்புத் தண்ணியெல்லாம் போயி கண்ணு குழிஞ்சு தோல் நீலமா கெடக்கிற ஆளுக்கு பேதி மருந்தும் குடுத்து ரத்தத்தையும் எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட தரக்கூடாதுன்னு நெனச்ச டாக்டருங்க இருந்த காலம்.

அதனால காலராவுக்கு வைத்தியம் பார்த்தாருன்னு சொல்றப்ப அவரால எத்தனை பேரு பிழைச்சாங்கன்னு கேக்காதீங்க. ஆனா ஓடிப்போகாம நின்னாரு பாருங்க, அதுக்கு மரியாதை உண்டு. நோயாளி பக்கத்துல நின்னா தனக்கும் வரும்னு நம்புன காலத்துல நின்னவரு.

பழையபேப்பர்:
இதுதான் நான் எதிர்பார்த்த பதிவு, நன்றி மேடம். அந்த 1849 கதையையும் சொல்லிடறேன். அதுக்கு முந்தின வருஷம் 1848 ஏப்ரல்லதான் இல்லினாய்ஸ் மிச்சிகன் கால்வாய் திறந்தாங்க. அதுவரைக்கும் சிகாகோவுக்கும் மிசிசிப்பி ஆத்துக்கும் படகு வழி கிடையாது. கால்வாய் வந்ததும் நியூ ஆர்லியன்ஸ்லேந்து நேரா சரக்கு வருது, குடியேறிங்க வர்றாங்க, கூடவே காலராவும் வருது. 1849 ஏப்ரல் கடைசியில ஜான் ட்ரூன்னு ஒரு படகு, நியூ ஆர்லியன்ஸ் வழியா வந்த குடியேறிங்களை ஏத்திக்கிட்டு வந்துச்சு, அதுலதான் நோய் வந்ததுன்னு பதிவு. அந்த வருஷம் 678 பேர் செத்தாங்க, ஊர்ல மொத்தமே சுமார் 23,000 பேர். அதாவது நூத்துக்கு மூணு பேர். 1854ல இன்னும் மோசம், 1,424 பேர்.

பூன் 1849லேந்து ரெண்டு மூணு வருஷம் நகர மருத்துவர். 1850ல சிகாகோ மெடிக்கல் சொசைட்டி ஆரம்பிச்சப்ப முதல் தலைவரும் அவர்தான். தொழில்ல மதிப்பு இல்லாதவரை அந்த இடத்துல உக்கார வைக்க மாட்டாங்க.

தெக்கத்திக்காரன்:
அண்ணே, படகுல வந்தவன்தான் நோயைக் கொண்டு வந்தான்னு ஒரு டாக்டரே கண்ணால பார்த்தா, அப்புறம் வெளியாளு வேண்டாம்ங்கற கட்சியில சேர்றது இயற்கைதானே? இதுல என்ன புதிர் இருக்கு?

பழையபேப்பர்:
அப்படி நேர்கோடு போட்டுடலாம், வசதியாவும் இருக்கும். ஆனா அந்தக் கட்சியைக் கொஞ்சம் பாருங்க. அமெரிக்கன் பார்ட்டின்னு பேரு, ஊரு கூப்பிட்டது நோ நத்திங்ஸ்னு. ஆரம்பத்துல ரகசிய சங்கம், உறுப்பினரைக் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும், அதான் பேரு. அவங்க கோரிக்கை என்னன்னா வந்தவன் குடியுரிமை வாங்க 21 வருஷம் காத்திருக்கணும், கத்தோலிக்கனுக்குப் பதவி தரக்கூடாது. இதுல சுகாதாரம் எங்க இருக்கு? முழுக்க மதமும் ஓட்டும்தான். ஐரிஷ்காரன் கத்தோலிக்கன், ஜெர்மன்காரங்கள்லயும் பலபேர் கத்தோலிக்கங்க, சிகாகோவுல வெளிநாட்டுல பொறந்தவங்க பாதிக்கு மேல ஆயிட்டாங்க, அதுல பெரும்பகுதி இவங்கதான். பூன் தீவிர பாப்டிஸ்ட், அதாவது புராட்டஸ்டண்ட், மதுவிலக்கு ஆதரவாளர். காலரா வரலைன்னாலும் அவரு அங்கதான் போய் நின்னிருப்பாருன்னு நான் நெனைக்கிறேன்.

இதுல ஒரு வேடிக்கை, அதே சமயம் பாஸ்டன் மேயரும் டாக்டர்தான், ஜெரோம் ஸ்மித், அவரும் நோ நத்திங்தான். 1854, 55ல அந்த அலை அப்படி அடிச்சுது.

ஸ்டெத்தாஸ்கோப்:
இங்க நான் ஒத்துக்க மாட்டேன். கெட்ட காத்துதான் காரணம்னு நம்புறவனுக்கு அழுக்கு, நெருக்கடி, குடி, ஒழுக்கம் எல்லாம் ஒரே மூட்டை. அப்போதைய மருத்துவப் பேச்சுல குடிகாரனுக்குத்தான் காலரா சீக்கிரம் வரும்ங்கறது சாதாரணமா சொல்ற விஷயம், பாதிரியாரும் சொல்லுவாரு, டாக்டரும் சொல்லுவாரு. ஒரு நகர மருத்துவர் ரெண்டு மூணு வருஷம் ஏழைக் குடியேறிங்க வீட்டுல பிணத்தைப் பார்த்துட்டு வந்து சாராயக் கடையைப் பூட்டணும்னு முடிவெடுத்தா, அதுல மதம் மட்டும் இல்ல, தப்பான மருத்துவமும் இருக்கு. தப்புதான், ஆனா இருக்கு.

பழையபேப்பர்:
சரி அதை அப்படியே வச்சுக்குவோம், கலவரத்துக்கு வர்றேன். 1855 மார்ச்ல பூன் ஜெயிக்கிறாரு. அந்த வருஷம் பிப்ரவரியில இல்லினாய்ஸ் சட்டசபை மதுவிலக்கு சட்டம் போட்டு, ஜூன்ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கிட்டா அமலுக்கு வரும்னு சொல்லிட்டாங்க. பூன் அது எப்படியும் ஜெயிச்சிடும்னு நம்பி முன்கூட்டியே வேலையை ஆரம்பிக்கிறாரு. சாராய லைசென்ஸ் 50 டாலர்லேந்து 300 டாலர், அதுவும் மூணு மாசத்துக்கு மேல கிடையாது. கூடவே ஞாயித்துக்கிழமை மூடணும்ங்கற பழைய சட்டம் தூசி தட்டி எடுத்து அமல்.

கூலிக்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர் சுத்தி கிடைக்கிற காலத்துல 300 டாலர்னா என்ன ஆகும். பெரிய ஹோட்டல் பார் கட்டிட்டுப் போயிடும். ஒரு ரூம்ல பீப்பாயை வச்சுக்கிட்டு பொண்டாட்டியும் புருஷனும் நடத்துற கடை மூட வேண்டியதுதான். அந்த மாதிரி கடையெல்லாம் யாருது? வடக்கு சிகாகோ ஜெர்மன்காரங்களோடது, ஐரிஷ்காரங்களோடது. வாரத்துல ஆறு நாள் வேலை, கிடைக்கிறது ஒரே ஞாயிறு, அன்னிக்குக் குடும்பத்தோட பீர் தோட்டத்துக்குப் போயி பேண்டு வாத்தியம் கேட்டு உக்காருறது அவங்களுக்குக் கோயில் திருவிழா மாதிரி. அதைத்தான் பூட்டுனாரு. போதாததுக்கு தெற்குப் பக்கம் அமெரிக்கக்காரன் நடத்துற பார்கள் பின்வாசல் வழியா ஞாயிறுலயும் ஓடிச்சு, போலீஸ் கண்டுக்கலன்னு புகார்.

கட்டமாட்டோம்னு கடைக்காரங்க நின்னாங்க, 200 பேருக்கு மேல கைது. கேஸ் விசாரணைக்கு வந்த நாள் ஏப்ரல் 21, சனிக்கிழமை. காலையில கோர்ட்டு வாசல்ல கூட்டம், குழலும் மேளமும் வச்சு ஊர்வலம், போலீஸ் அடிச்சு விரட்டிச்சு, சிலரைப் பிடிச்சு உள்ள போட்டுது. மத்தியானம் வடக்குப் பக்கத்துலேந்து ஆயுதத்தோட பெரிய கூட்டம் கிளம்பி வருது, பிடிச்சவங்களை மீட்க. வர்ற வழியில சிகாகோ ஆறு, கிளார்க் ஸ்ட்ரீட் பாலம்.

மிச்சிகன்ஏரி:
அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா நான் வேலைக்குப் போற வழி அதுதான். இப்ப இருக்கிற பாலம் 1929ல கட்டுனது, நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் மேல தூக்குற வகை. பூன் காலத்துல இருந்தது சுழலும் பாலம், கப்பல் வந்தா மொத்தப் பாலமும் நடுத்தூண் மேல திரும்பி ஆத்தோட நீளவாக்குல நின்னுக்கும், ரெண்டு கரையும் துண்டாயிடும். கோர்ட்டு ஹவுஸ் இருந்த அதே பிளாக்லதான் இன்னிக்கு சிட்டி ஹால் இருக்கு, கிளார்க், லசால், ராண்டால்ஃப், வாஷிங்டன் நாலு தெருவுக்கு நடுவுல. பாலத்துலேந்து அஞ்சு நிமிஷ நடை. அதாவது கூட்டம் பாலத்தைத் தாண்டிட்டா அப்புறம் நிறுத்தறதுக்கு இடமே கிடையாது, மேயருக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கு.

பழையபேப்பர்:
அதேதான் நடந்துச்சு. கூட்டத்துல ஒரு பகுதி பாலத்தைத் தாண்டிட்டப்ப பாலத்தைத் திருப்பச் சொல்லி மேயர் உத்தரவு. முன்னாடி போனவன் இந்தக் கரையில, பின்னாடி வந்தவன் அந்தக் கரையில, பாலத்து மேல நின்னவன் ஆத்து நடுவுல. அந்த நேரத்துல சுமார் 150 பேரை அவசரமா கூடுதல் போலீசா சேர்த்து கோர்ட்டைச் சுத்தி நிறுத்திட்டு, ஆள் தயாரானதுக்கு அப்புறம்தான் பாலத்தைத் திரும்ப சேர்க்கச் சொன்னாங்க. கூட்டம் வேகமா வந்து மோதுச்சு, ரெண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு. பீட்டர் மார்ட்டின்ஸ்ங்கற ஜெர்மன்காரன் ஜார்ஜ் ஹண்ட்ங்கற போலீஸ்காரரைச் சுட்டான், அவருக்குக் கையே போச்சு, சுட்டவனை அங்கயே சுட்டுக் கொன்னாங்க. கணக்குல சாவு ஒண்ணுதான். ஆனா அடுத்த நாட்கள்ல வடக்குப் பக்கம் சத்தமில்லாம நிறைய சவ ஊர்வலம் போச்சுன்னு பேச்சு. ராணுவச் சட்டம், கோர்ட்டு சதுக்கத்துல பீரங்கி. ஒரு டாக்டர் மேயர் ஆகி ரெண்டு மாசத்துக்குள்ள ஊர் நடுவுல பீரங்கி.

அறுபது பேர் மாதிரி பிடிச்சு, 14 பேர் மேல வழக்கு நடத்தி, கடைசியில தண்டனை கிடைச்சது ரெண்டே பேருக்கு. ரெண்டு பேரும் ஐரிஷ். கலவரம் பண்ணது பெரும்பாலும் ஜெர்மன்காரங்க! அந்த ரெண்டு பேருக்கும் மறு விசாரணைன்னு உத்தரவு வந்து, அந்த விசாரணை நடக்கவே இல்ல.

வெட்டிப்பேச்சு:
பீருக்காகக் கலவரம் பண்ணவன் ஜெர்மன், ஜெயிலுக்குப் பேரு குடுத்தவன் ஐரிஷ். ஆஹா.

சட்டம்என்கையில்:
எல்லாரும் மேயரை வில்லனாக்கிட்டீங்க. சட்டம் புதுசில்ல, ஏற்கனவே இருந்ததுதான். லைசென்ஸ் கட்டணம் நகரசபை போட்டது. ஆயுதத்தோட கோர்ட்டை நோக்கி வர்ற கூட்டத்தைப் பாலத்தைத் திருப்பி நிறுத்துனதால எத்தனை உயிர் தப்பிச்சிருக்கும்? நான் மேயரா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். குடியால குடும்பம் அழியறதைப் பார்த்தவங்களுக்கு மதுவிலக்கு ஒண்ணும் வெறுப்பு அரசியல் இல்ல, அந்தக் காலத்துல அடிமை ஒழிப்புக்காரங்க பலபேர், பெண்கள் பலபேர் அதே மேடையில நின்னாங்க.

பழையபேப்பர்:
பாலம் விஷயத்துல உங்களோட சண்டை இல்ல சார், அது கெட்டிக்கார உத்தரவு. ஆனா அந்த நிலைமையைக் கொண்டு வந்தது யாரு? இன்னொண்ணையும் சேர்த்துப் பாருங்க. பகல் காவலையும் இரவு காவலையும் ஒண்ணா சேர்த்து முறையான போலீஸ் இலாகா உண்டாக்குனது பூன்தான், சைரஸ் பிராட்லி முதல் தலைவர், யூனிஃபார்ம் வந்துச்சு. நல்ல வேலைன்னு சொல்லலாம். ஆனா அதுல சேர அமெரிக்காவுல பொறந்திருக்கணும்னு நிபந்தனை. பாதிக்கு மேல வெளியில பொறந்தவன் வாழுற ஊர்ல, ஒரே மாசத்துல கடைக்கு ஆறு மடங்கு கட்டணம், அதை வசூலிக்க வர்றவன் எல்லாம் அவன் பாஷை தெரியாதவன். சட்டம் பழசுதான், அதை யார் கையில குடுத்து யார் வீட்டுக்கு அனுப்புனாருங்கறது புதுசு. அடிமை ஒழிப்புன்னு சொன்னீங்களே, நம்மாளு அந்தப் பக்கமே இல்ல, அடிமை முறைக்கு பைபிள் ஆதரவு உண்டுன்னு பேசுனவரு.

ஸ்டெத்தாஸ்கோப்:
இன்னொரு விஷயம் மனசுல உறுத்துது. 1854ல லண்டன்ல ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர் பிராட் ஸ்ட்ரீட் குழாய்த் தண்ணிதான் காலராவுக்குக் காரணம்னு காட்டுனாரு இல்லையா, அவரோட விசாரணையில ஒரு துண்டு இருக்கு. அந்தக் குழாய்க்குப் பக்கத்துலயே ஒரு பீர் ஆலை, எழுபதுக்கு மேல வேலையாட்கள், ஒருத்தனும் காலராவுல சாகல. ஏன்னா அவங்க குழாய்த் தண்ணியே குடிக்கல, ஆலையில குடுக்கிற பீரையே குடிச்சாங்க, அந்த ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்துச்சு. பீர் காய்ச்சறப்ப தண்ணியைக் கொதிக்க வைக்கணும், அதுல கிருமி செத்துடும். அதுக்கு அடுத்த வருஷம், 1,424 பேரைக் காலராவுக்குக் குடுத்த சிகாகோவுல ஒரு டாக்டர் மேயர் பீரைப் பூட்டுறாரு, ஜனங்க கழிவு கலந்த கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறாங்க. அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்ல, ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் கல்கத்தாவுல காலரா கிருமியைப் பிரிச்சுக் காட்டுனது 1884, பூன் செத்தது 1882 ஜனவரி. இருந்தாலும் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

மிச்சிகன்ஏரி:
மேடம் அது செம பாயிண்ட். அதோட மறுபக்கம் என்னன்னா, காலராவை நிஜமா விரட்டுன வேலை அதே 1855லதான் தொடங்குச்சு. அந்த பிப்ரவரியில கழிவுநீர் வாரியம் அமைச்சு, பாஸ்டன்லேந்து செஸ்பரோன்னு ஒரு எஞ்சினியரைக் கொண்டு வந்தாங்க. ஊரு ஏரி மட்டத்துக்குக் கொஞ்சம்தான் உசரம், குழாய் புதைச்சா சரிவே கிடைக்காது. அவரு சொன்ன வழி என்னன்னா குழாயைத் தெரு மேலயே போட்டு, அதை மண்ணால மூடித் தெருவையே உசத்தணும், அப்புறம் வீடெல்லாம் தானா உசந்து வரணும். பைத்தியக்காரத்தனமாத் தெரியும், ஆனா செஞ்சாங்க. 1860ல லேக் ஸ்ட்ரீட்ல ஒரு முழு வரிசைக் கட்டடத்தை ஆறாயிரம் திருகு ஜாக்கி வச்சுத் தூக்குனாங்க, உள்ள கடையில வியாபாரம் நடந்துக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி ரயில் பெட்டி கம்பெனி வச்ச ஜார்ஜ் புல்மேன் ஆரம்பத்துல காசு பார்த்ததே இப்படிக் கட்டடம் தூக்கித்தான். ஆனா அந்தக் கழிவெல்லாம் ஆத்துக்குப் போயி, ஆறு ஏரிக்குப் போயி, ஏரித் தண்ணியைத்தான் குடிச்சாங்க, 1900ல ஆத்தையே எதிர்ப்பக்கமா ஓட விட்டாங்க, அது தனிக்கதை.

தெக்கத்திக்காரன்:
அப்ப பூனுக்கு அதுல பங்கு இருக்கா இல்லையா?

பழையபேப்பர்:
வாரியம் அமைக்கிற சட்டம் அவரு பதவிக்கு வர்றதுக்கு முந்தியே பாஸ் ஆயிடுச்சு, செஸ்பரோ திட்டத்தைக் குடுத்தது அந்த வருஷக் கடைசியில. பூன் மேயர் நாற்காலியில இருந்தாரு, அவ்வளவுதான். ஒரு காலரா டாக்டருக்கு வாழ்நாள்ல கிடைச்ச மிகப்பெரிய வாய்ப்பு மேசை மேல கெடந்துச்சு, அவரு வருஷத்தைச் செலவு பண்ணது சாராயக் கடையில. என் கோபமே அதுதான், வெறுப்பு அரசியல்கூட ரெண்டாவது.

சாராயத்துலயும் ஜெயிக்கல. ஜூன்ல ஓட்டுப் போட்டப்ப மதுவிலக்கு தோத்துப் போச்சு. லைசென்ஸ் கட்டணத்தை 100 டாலருக்கு இறக்குனாங்க. 1856 தேர்தல்ல பூன் நிக்கவே இல்ல, ஜெர்மனும் ஐரிஷும் திரண்டு வந்து ஓட்டுப் போட, தாமஸ் டயர்னு ஒரு டெமாக்ரட் வந்தாரு. லிங்கன் 1855 ஆகஸ்ட்ல தன் சிநேகிதர் ஸ்பீடுக்கு எழுதின கடிதத்துல, இந்த நோ நத்திங் ஆளுங்க கைக்கு அதிகாரம் வந்தா எல்லா மனுஷனும் சமம், ஆனா நீக்ரோவும் வெளிநாட்டானும் கத்தோலிக்கனும் தவிரன்னு ஆயிடும்னு எழுதுறாரு. சிகாகோ ஜெர்மன் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் ஷ்னைடர், 1856 பிப்ரவரியில இல்லினாய்ஸ் ரிபப்ளிகன் கட்சிக்கு அடித்தளம் போட்ட, டெகேட்டர்ல நடந்த பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்துல குடியேறிங்களுக்கு எதிரா பேசக்கூடாதுன்னு தீர்மானத்துல சேர்க்க வச்சாரு, லிங்கன் அதுக்கு ஆதரவு. பூட்டுன பீர் கடைக்காரங்க ஓட்டு எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு பாருங்க.

சட்டம்என்கையில்:
ஒரு வருஷ மேயருக்கு இவ்வளவு கோபமா? அப்புறம் என்ன ஆனாரு மனுஷன்?

பழையபேப்பர்:
திரும்பவும் டாக்டர், சொத்து வியாபாரம். 1862ல இன்னொரு கூத்து. சிகாகோவுல கேம்ப் டக்ளஸ்னு ஒரு முகாம், உள்நாட்டுப் போர்ல பிடிச்ச தெற்கு மாகாணக் கைதிங்களை அடைச்சு வச்ச இடம். ஒரு கைதி தப்பிச்சுப் போக உதவி பண்ணாருன்னு சந்தேகப்பட்டு நம்ம டாக்டரையே பிடிச்சு அதே முகாம்ல கொஞ்ச நாள் அடைச்சு வச்சாங்க. இருநூறு பேரை உள்ள தள்ளின மேயர் அவரே உள்ள. 1882ல செத்தாரு, ரோஸ்ஹில் கல்லறை.

வெட்டிப்பேச்சு:
டாக்டர் மேயர்னா எனக்குப் பிடிச்சது ஃபிராங்க் பவல்தான் பாஸ். விஸ்கான்சின்ல லா கிராஸ் மேயர், எஃபலோ பில்லோட சிநேகிதன், ஒயிட் பீவர்னு பட்டப்பேரு, அந்தப் பேர்லயே இருமல் மருந்து வித்தாரு. கலவரமும் இல்ல பீரங்கியும் இல்ல.

ஸ்டெத்தாஸ்கோப்:
இருமல் மருந்துல என்ன போட்டாருன்னு கேட்டுச் சொல்லுங்க, அப்புறம் பிடிக்கலாமான்னு யோசிக்கிறேன். அப்புறம் அது எஃபலோ இல்ல, பஃபலோ பில், அந்த கௌபாய் ஷோ நடத்துன ஆளு.

வெட்டிப்பேச்சு:
போன்ல தமிழ் டைப் பண்ணா அப்படித்தான் மேடம் வருது. பவலுக்குத் தனி இழை போடுறேன், மருந்து மேட்டரும் அங்கயே பேசிக்கலாம்.